இணையவழிப் பட்டம்: மதிப்பெண் கல்லூரிக்கா, பாடத்துக்கா?

பெங்களூரு: கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் படிக்க வேண்டிய பாடங்களில் 40 சதவீதம் வரை, வகுப்பறைக்குச் செல்லாமல், மத்திய அரசின் "ஸ்வயம்" இணையதளத்திலேயே படித்துத் தேறலாம். யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகள் இதற்கு வழிசெய்தன. 2016-ஆம் ஆண்டு விதிகளில் இந்த வரம்பு 20 சதவீதமாக இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் வரம்பு இரு மடங்காகிவிட்டது. ஆனால், அந்தப் பாடங்களின் வழியாக மாணவர் உண்மையில் என்ன கற்றார் என்பதை அளந்து சொல்லும் முறை அதே வேகத்தில் வளரவில்லை.

இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளத் தில்லியைவிடப் பெங்களூருவே பொருத்தமான இடம். கல்விக்கென்றே செயற்கைக்கோள் அனுப்பிய இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் தலைமையகம் இங்கு உள்ளது. பொறியியல் பாடங்களை இணையத்தில் ஏற்றும் திட்டத்தில் தொடக்கம் முதலே பங்கேற்ற இந்திய அறிவியல் கழகம் இங்கு உள்ளது. ஸ்வயம் தளத்தில் மேலாண்மைப் பாடங்களை ஒருங்கிணைக்கும் இந்திய மேலாண்மைக் கழகம் பன்னர்கட்டா சாலையில் இயங்குகிறது. நாட்டின் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தரச்சான்று அளிக்கும் "நாக்" அமைப்பின் தலைமையகம் நாகர்பாவியில் உள்ளது.

பாடத்தைச் சுமந்து செல்லும் தொழில்நுட்பம், பாடத்தை உருவாக்கும் பேராசிரியர்கள், பாடத்தை வழங்கும் அமைப்பு, தரம் பார்க்கும் அமைப்பு ஆகிய நான்கும் ஒரே நகரில் இருக்கின்றன. இருந்தும், ஒரு குறிப்பிட்ட இணையவழிப் பாடம் பயன் தந்ததா என்ற எளிய கேள்விக்கு மாணவரோ பெற்றோரோ பதில் பெறுவது எளிதல்ல.

செயற்கைக்கோள் தந்த பாடம்

2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் மூலம் "எடுசாட்" விண்ணில் செலுத்தப்பட்டது. கல்விப் பணிக்காக மட்டுமே இந்தியா உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது. அது விண்ணை எட்டும் முன்பே, இன்சாட்-3பி செயற்கைக்கோளைப் பயன்படுத்தி முன்னோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் இடம்பெற்ற பல்கலைக்கழகங்களுள் கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஒன்று. ஒரு கூடத்தில் பேராசிரியர் பாடம் நடத்த, மாநிலம் முழுவதும் உள்ள பொறியியல் கல்லூரிகளில் மாணவர்கள் அதைத் திரையில் பார்த்தனர்.

இந்தத் திட்டம் நாடாளுமன்றத்தில் பலமுறை பெருமையுடன் குறிப்பிடப்பட்டது. எத்தனை மாநிலங்கள் இணைக்கப்பட்டன, எத்தனை முனையங்கள் நிறுவப்பட்டன என்ற புள்ளிவிவரங்கள் அவ்வப்போது அவையில் வைக்கப்பட்டன. 2010-ஆம் ஆண்டு செயற்கைக்கோளின் பணிக்காலம் முடிந்தது. தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை வேறொரு சித்திரத்தைத் தந்தது. இணைப்பு வலைப்பின்னல், பாட உள்ளடக்கம், மேலாண்மை ஆகிய மூன்றிலும் போதிய திட்டமிடல் இல்லாததால் திட்டம் எதிர்பார்த்த பலனை அளிக்கவில்லை என்பது அதன் சாரம்.

செயற்கைக்கோளில் குறை இருந்ததாக அந்த அறிக்கை கூறவில்லை. அது தாங்கிச் செல்ல வேண்டிய பாடம் திட்டமிடப்படவில்லை என்பதே குறை. கருவிக்கு ஒதுக்கப்பட்ட கவனம் பாடத்தின் வடிவமைப்புக்கு ஒதுக்கப்படவில்லை. திரையின் மறுபக்கம் இருந்த மாணவருக்குப் புரிந்ததா என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. இன்றைய இணையவழிப் படிப்புகள் குறித்து எழும் கேள்விகளுக்கெல்லாம் அங்கேயே தொடக்கம் இருக்கிறது.

விரிவுரையிலிருந்து தேர்வுக்கு

எடுசாட்டுக்கு இணையாகவே மற்றொரு முயற்சியும் தொடங்கியிருந்தது. தொழில்நுட்பவழிக் கற்றலுக்கான தேசியத் திட்டமான என்.பி.டி.இ.எல்., 1999-இல் உருவான யோசனையின் அடிப்படையில் 2003-ஆம் ஆண்டு அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்தின் நிதியுதவியுடன் செயல்பாட்டுக்கு வந்தது. சென்னை உள்ளிட்ட ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து இதை மேற்கொண்டன. கட்டடப் பொறியியல், கணினி அறிவியல், மின்பொறியியல், மின்னணுவியல், இயந்திரப் பொறியியல் ஆகிய துறைகளின் பாடங்கள் விடியோவாகவும் இணையப் பக்கங்களாகவும் இலவசமாக வழங்கப்பட்டன.

தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகி, தகுதியான ஆசிரியர்கள் கிடைக்காமல் திணறிய காலம் அது. ஐ.ஐ.டி.யில் காலடி வைக்க வாய்ப்பில்லாத மாணவர், அங்குள்ள பேராசிரியரின் விரிவுரையை வீட்டிலிருந்தே கேட்க முடிந்தது பெரிய சாதனைதான். ஆயினும், விரிவுரையைக் கேட்டவர் அதை முழுமையாகக் கேட்டாரா, புரிந்துகொண்டாரா என்று அறிய வழியில்லை. இணையத்தில் ஏற்றியதோடு கடமை முடிந்தது.

2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்தத் திட்டம் முக்கியமான திருப்பத்தைச் சந்தித்தது. சான்றிதழுடன் கூடிய படிப்புகள் தொடங்கப்பட்டன. விரிவுரைகள் 4, 8, 12 வாரங்கள் கொண்ட பாடங்களாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு வாரமும் ஒப்படைப்பு, அதற்குக் கெடு தேதி, கேள்வி கேட்க விவாத அரங்கு, முடிவில் கண்காணிப்பாளர் முன்னிலையில் தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வு ஆகியவை சேர்க்கப்பட்டன. ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75 என மதிப்பெண் பகிர்வு வகுக்கப்பட்டது. ஒன்றில் பெற்ற மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தேற முடியாதபடி, இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் விதிக்கப்பட்டது. படிக்கக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதவும் சான்றிதழ் பெறவும் மட்டுமே கட்டணம்.

பெரும்பாலும் அதே பேராசிரியர்கள், அதே விரிவுரைகள். மாறியது வடிவமைப்பு மட்டுமே. பார்த்துவிட்டுப் போகக்கூடிய விடியோத் தொகுப்பு, உழைத்துத் தேற வேண்டிய பாடமாக மாறியது.

பார்ப்பதும் செய்வதும்

இந்த மாற்றம் ஏன் முக்கியமானது என்பதை உலக அனுபவம் காட்டுகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து நடத்திய "எட்எக்ஸ்" தளத்தின் முதல் ஆண்டுக் கணக்கு 2014 ஜனவரியில் வெளியானது. மொத்தப் பதிவுகள் 8,41,687. சான்றிதழ் பெற்றவை 43,196. அதாவது ஏறத்தாழ 5 சதவீதம். பதிவு செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பாடத்தைத் திறந்தே பார்க்கவில்லை. அதே தளம் குறித்து 2019-இல் வெளியான ஆய்வு, 2017-18-ஆம் ஆண்டில் முடித்தோர் விகிதம் 3 சதவீத அளவுக்கு இறங்கியதாகக் கூறியது.

எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை விடியோ பார்க்கப்பட்ட விவரங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வு, விடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பொதுவாக ஆறு நிமிடத்துக்கு மேல் ஈடுபாட்டுடன் பார்ப்பதில்லை என்று கண்டது. வகுப்பறையில் பதிவு செய்த ஒரு மணி நேர விரிவுரையைத் துண்டு துண்டாக வெட்டி ஏற்றுவதைவிட, இணையத்துக்கென்றே திட்டமிட்டுத் தயாரித்த சிறு பகுதிகள் மாணவர்களை அதிகம் ஈர்த்தன என்பதும் அதன் முடிவு.

2015-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உளவியல் அறிமுகப் பாடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, விடியோ பார்ப்பது, பாடக் குறிப்பைப் படிப்பது, பயிற்சிக் கணக்குகளைச் செய்வது ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். பயிற்சி செய்வதற்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பு, மற்ற இரண்டையும்விட ஆறு மடங்கு வலுவாக இருந்தது. நீச்சலைக் கரையில் நின்று பார்த்துக் கற்க முடியாது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதையே இந்த ஆய்வு எண்களில் சொல்கிறது.

ஆதரவின்றி விடப்பட்ட மாணவர்களின் நிலையை அமெரிக்காவின் சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகம் 2013-இல் கண்டது. "உடாசிட்டி" நிறுவனத்துடன் சேர்ந்து அடிப்படைக் கணிதம், இயற்கணிதம், புள்ளியியல் பாடங்களை இணையவழியில் நடத்தியபோது, தேர்ச்சி வகுப்பறை மாணவர்களைவிடக் குறைவாக இருந்தது. திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு கோடைக்காலப் பருவத்தில் தேர்ச்சி உயர்ந்தது. ஆனால், அப்போது சேர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். தானே படிக்கத் தெரிந்தவருக்கு இணையவழி வரமாக அமைகிறது. கைபிடித்துச் சொல்லித்தர ஆள் தேவைப்படுபவருக்கு, அந்த ஆளையும் சேர்த்து வடிவமைக்காவிட்டால் அது ஏமாற்றமாக முடிகிறது என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

ஸ்வயம் சொல்வதும் நடப்பதும்

2017-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஸ்வயம் தளத்தைத் தொடங்கி வைத்தார். பள்ளிப் பாடம் முதல் முதுகலைப் பாடம் வரை பல நிறுவனங்கள் இதில் பாடங்களை வழங்குகின்றன. மேலாண்மைப் பாடங்களுக்குப் பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகம் தேசிய ஒருங்கிணைப்பாளர். அந்தக் கழகம் 2014-லேயே எட்எக்ஸ் தளத்தில் இணைந்து, உலக மாணவர்களுக்கு இணையவழிப் பாடம் நடத்திய அனுபவம் கொண்டது.

ஸ்வயம் பாடம் ஒவ்வொன்றும் நான்கு கூறுகளைக் கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. விடியோ விரிவுரை, பதிவிறக்கிப் படிக்கக்கூடிய பாடக்குறிப்பு, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பயிற்சி, ஐயம் கேட்கும் விவாத அரங்கு ஆகியவையே அவை. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இயலாத வடிவமைப்பு இது. நடைமுறையில், நான்கு கூறுகளும் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது ஒன்று. நான்கும் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது வேறொன்று. விவாத அரங்கு இருக்கிறது என்பதற்கும், அதில் மாணவர் கேட்ட ஐயத்துக்கு இரண்டு நாளில் பதில் கிடைத்தது என்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

ஒப்படைப்புகளின் நிலையும் அதுவே. ஆயிரக்கணக்கான மாணவர்கள் பதிவு செய்யும் பாடத்தில், கணினியே திருத்தக்கூடிய, சரியான விடையைத் தேர்வு செய்யும் வினாக்களே பெரும்பாலும் கேட்கப்படுகின்றன. இவற்றின் விடைகள் ஒவ்வொரு வாரமும் சமூக ஊடகங்களில் சுற்றுவது மாணவர்கள் அனைவரும் அறிந்த செய்தி. ஒப்படைப்பில் முழு மதிப்பெண் பெற்றவர் நேரடித் தேர்வில் தடுமாறினால், அந்த ஒப்படைப்பு எதையும் கற்பிக்கவில்லை என்று பொருள். இரண்டு மதிப்பெண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே ஒரு பாடத்தின் பலவீனம் தெரிந்துவிடும். அதற்குப் பெரிய ஆய்வோ வெளிநாட்டு நிபுணரோ தேவையில்லை.

நேரடித் தேர்வின் முக்கியத்துவத்தைச் சென்னை ஐ.ஐ.டி. உணர்ந்திருக்கிறது. 2020 ஜூனில் அறிவிக்கப்பட்ட அதன் இணையவழித் தரவு அறிவியல் பட்டப் படிப்பில் சேர ஜே.இ.இ. தேர்வு தேவையில்லை. முதலில் நான்கு வாரப் பாடத்தைப் படித்து, வாரந்தோறும் ஒப்படைப்புகளைச் சமர்ப்பித்து, பின்னர் நேரில் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் தேறுவோர் அனைவருக்கும் இடம் உண்டு. பாடங்கள் இணையவழியில் நடந்தாலும் முக்கியத் தேர்வுகள் மையங்களில் நடைபெறுகின்றன. இடையில் நிற்க நேர்ந்தால் சான்றிதழ், டிப்ளமோ என்ற படிகளில் வெளியேறவும் வழியுண்டு. வாயிலைத் திறந்து வைத்து, தேறும் தரத்தை விட்டுக்கொடுக்காத வடிவமைப்பு இது.

நாகர்பாவியின் மதிப்பெண்

ஒரு பாடத்தின் தரத்தை யார் மதிப்பிடுவது என்ற கேள்விக்கு வருவோம். முழுப் பட்டத்தையும் இணையவழியில் வழங்க ஒரு பல்கலைக்கழகத்துக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை யுஜிசி முதன்முறையாக 2018-ஆம் ஆண்டு விதிகளில் வரையறுத்தது. நாக் மதிப்பீட்டில் 4-க்கு 3.26 புள்ளிகள் பெற்றிருக்க வேண்டும் என்பது அதில் முக்கிய நிபந்தனை. அதன் இடத்தில் வந்த 2020-ஆம் ஆண்டு விதிகளும் நாக் புள்ளியையும் தேசிய தரவரிசையையுமே நுழைவாயிலாக வைத்தன.

1986-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக 1994-இல் யுஜிசி உருவாக்கிய தன்னாட்சி அமைப்பு நாக். பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, உள்கட்டமைப்பு, மாணவர் நலன், நிர்வாகம், நிறுவனத்தின் விழுமியங்கள் என ஏழு அளவுகோல்களில் அது நிறுவனத்தை மதிப்பிடுகிறது. 2017-இல் திருத்தப்பட்ட நடைமுறையில், நிறுவனம் தானே சமர்ப்பிக்கும் தரவுகளுக்குப் பெரும் பங்கு தரப்பட்டது.

இங்குதான் சிக்கல் எழுகிறது. நாக் மதிப்பிடுவது முழு நிறுவனத்தை. அதன் நூலகத்துக்கும், ஆய்வுக்கூடத்துக்கும், விடுதிக்கும் அதில் மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண்ணை வைத்து, அந்த வளாகத்துக்குள் ஒருநாளும் நுழையப்போகாத மாணவருக்கு நடத்தப்படும் இணையவழிப் பாடம் தரமானது என்று முடிவு செய்யப்படுகிறது. நல்ல சமையல்கூடம் வைத்திருப்பவர் அனுப்பும் சாப்பாடு நிச்சயம் நன்றாக இருக்கும் என்று, பொட்டலத்தைப் பிரிக்காமலே சான்று தருவதைப் போன்றது இது.

அந்த மதிப்பெண்ணின் மீதான நம்பிக்கையும் அண்மைக் காலத்தில் ஆட்டம் கண்டது. நாக் செயற்குழுத் தலைவராக இருந்த பூஷண் பட்வர்தன், மதிப்பீட்டு நடைமுறைகள் குறித்துக் கேள்வி எழுப்பி 2023 மார்ச்சில் பதவி விலகினார். 2025 பிப்ரவரியில், ஆந்திர மாநிலம் குண்டூர் மாவட்டத்தில் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு உயர்ந்த தரம் வழங்க லஞ்சம் பெற்றதாக, நாக் ஆய்வுக் குழுவினர் உள்ளிட்டோரை சி.பி.ஐ. கைது செய்தது. வழக்கின் முடிவு எதுவாக இருப்பினும், ஒரே ஒரு புள்ளியில் இத்தனை உரிமைகளைக் கட்டிவைத்தால், அந்தப் புள்ளியை எப்படியாவது பெற்றுவிடும் ஆசையும் பெருகும் என்பதை இந்த நிகழ்வு உணர்த்துகிறது.

மைசூரு தந்த எச்சரிக்கை

மதிப்பீட்டு முறை தவறும்போது விலை கொடுப்பவர் மாணவர்தான். கர்நாடகமே இதற்குச் சான்று. மைசூருவில் இயங்கும் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2012-13 கல்வியாண்டுக்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசி 2015-இல் அறிவித்தது. மாநில எல்லைக்கு வெளியே தனியார் அமைப்புகள் மூலம் படிப்புகளை நடத்தியது முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது. 2018-இல்தான் அங்கீகாரம் மீண்டும் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் சேர்ந்திருந்தவர்கள், வேலைக்கும் மேல்படிப்புக்கும் தங்கள் பட்டம் செல்லுமா என்று தெரியாமல் அலைந்தனர். கட்டணம் செலுத்தி, வேலைக்குச் சென்றுகொண்டே இரவில் படித்தவர்கள் அவர்கள்.

அது தொலைநிலைக் கல்வியின் கதை. இணையவழிக் கல்வியில் மாநில எல்லை என்ற ஒன்றே இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பயன்படுத்தி, சேர்க்கை முதல் பாடம் நடத்துவது வரை தனியார் இணையக் கல்வி நிறுவனங்கள் செய்வதைக் கண்ட யுஜிசி, இத்தகைய உரிமம் அளிக்கும் ஏற்பாடுகளுக்கு அனுமதி இல்லை என்று 2022 ஜனவரியில் எச்சரித்தது. எச்சரிக்கை பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தது. ஆனால், கண்ணைக் கவரும் விளம்பரத்தைப் பார்த்துச் சேரும் மாணவர், அந்தப் பாடத்தை முன்பு எத்தனை பேர் முடித்தார்கள் என்பதை எங்கு சென்று பார்ப்பது?

மொழியும் இணைப்பும்

பாடம் எவ்வளவு நன்றாக வடிவமைக்கப்பட்டாலும் அது மாணவரைச் சென்றடைய வேண்டும். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-ஆவது சுற்றின்படி, 2017-18-இல் இணைய வசதி பெற்றிருந்த குடும்பங்கள் ஏறத்தாழ 24 சதவீதம். நகரங்களில் இது 42 சதவீதம். கிராமங்களில் 15 சதவீதம். கணினி வைத்திருந்த கிராமப்புறக் குடும்பங்கள் 4.4 சதவீதம் மட்டுமே. அதன் பின்னர் கைப்பேசி இணையம் வெகுவாகப் பரவியிருப்பது உண்மை. ஆயினும், கைப்பேசித் திரையில் விடியோ பார்க்கலாமே தவிர, நிரல் எழுதவும், வரைபடம் வரையவும், பத்துப் பக்க ஒப்படைப்பைத் தயாரிக்கவும் அது போதாது. கைப்பேசியை மட்டுமே நம்பியிருக்கும் மாணவரை மனதில் வைத்து எத்தனை பாடங்கள் வடிவமைக்கப்படுகின்றன என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

மொழி அடுத்த தடை. என்.பி.டி.இ.எல். விரிவுரைகளின் எழுத்து வடிவம் தமிழ், கன்னடம் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டு வருவது வரவேற்கத்தக்கது. ஆனால், விரிவுரையைத் தமிழில் படித்த மாணவர், ஒப்படைப்பையும் தேர்வையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால் அந்த உதவி பாதி வழியில் நின்றுவிடுகிறது. மொழிபெயர்ப்பின் பயனையும் பக்கக் கணக்கில் அளக்காமல், அதைப் பயன்படுத்திய மாணவர்களின் தேர்ச்சியில் அளப்பதே முறை.

ஆசிரியரின் இடம்

40 சதவீத வரம்பு குறித்து ஆசிரியர் அமைப்புகளுக்கு உள்ள அச்சம் நியாயமற்றது அல்ல. காலியாக உள்ள பணியிடத்தை நிரப்பாமல், அந்தப் பாடத்தை இணையத்தில் படித்துக்கொள்ளுமாறு மாணவரிடம் சொல்வது நிதி நெருக்கடியில் உள்ள கல்லூரிக்கு எளிய வழி. ஆசிரியர் இருந்து, அவருக்குத் துணையாக இணையப் பாடம் வந்தால் மாணவருக்கு லாபம். ஆசிரியர் இல்லாத குறையை மறைக்க அது வந்தால் நட்டம். என்.பி.டி.இ.எல். திட்டத்தில் கல்லூரிதோறும் உள்ளூர்க் கிளை அமைத்து, மாணவர்களை ஊக்குவிக்க ஓர் ஆசிரியரை வழிகாட்டியாக நியமிக்கும் ஏற்பாடு உள்ளது. அந்த வழிகாட்டிக்கு வாரத்தில் சில மணி நேரம் பணிச்சுமைக் கணக்கில் ஒதுக்கப்படாவிட்டால், அந்தப் பொறுப்பு பெயரளவில் நின்றுவிடும்.

இதில் மாநிலங்களின் குரலும் முக்கியம். 1976-ஆம் ஆண்டு 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வி பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. யுஜிசியின் வரைவு விதிகளை எதிர்த்து, கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், தெலங்கானா, இமாசலப் பிரதேசம், ஜார்க்கண்ட் ஆகிய ஆறு மாநிலங்களின் பிரதிநிதிகள் 2025 பிப்ரவரி 5-ஆம் தேதி இதே பெங்களூருவில் கூடினர். துணைவேந்தர் நியமனமே அங்கு முதன்மைப் பிரச்னையாக இருந்தது. ஆனால், மாநிலப் பல்கலைக்கழக மாணவரின் பட்டத்தில் 40 சதவீதம் வரை எங்கிருந்து வரலாம் என்பதும், அதன் தரத்துக்கு யார் பொறுப்பு என்பதும் அதே அளவுக்கு மாநில உரிமை சார்ந்த கேள்விகளே.

கேட்கப்பட வேண்டியவை

ஸ்வயம் குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம், எத்தனை பாடங்கள் உள்ளன, எத்தனை பேர் பதிவு செய்தனர் என்பதே பதிலின் முதல் வரியாக அமைகிறது. பதிவு செய்ய ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். பதிவு செய்தோரில் சிறு பகுதியினரே தேர்வு எழுதுகின்றனர். ஆகவே, பதிவு எண்ணிக்கை மாணவர்களின் ஆர்வத்தைக் காட்டுமே தவிர, கற்றலைக் காட்டாது.

உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஒவ்வொரு பாடத்திலும் முதல் ஒப்படைப்பைச் சமர்ப்பித்தோர் எத்தனை பேர்? தேர்வு எழுதியோர், தேறியோர் எத்தனை பேர்? ஒப்படைப்பு மதிப்பெண்ணுக்கும் நேரடித் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இடைவெளி எவ்வளவு? மாணவர்களின் ஐயங்களுக்கு எத்தனை நாளில் பதில் தரப்பட்டது? கிராமப்புற மாணவர்கள், பெண்கள், தாய்மொழி வழியில் படித்தவர்கள் ஆகியோரின் தேர்ச்சி தனித்தனியே என்ன? சென்ற முறை கண்ட குறைகளுக்காகப் பாடத்தில் என்ன திருத்தம் செய்யப்பட்டது?

இவை இயலாதவை அல்ல. என்.பி.டி.இ.எல். திட்டம் பதிவு செய்தோர், தேர்வுக்குப் பணம் கட்டியோர், சான்றிதழ் பெற்றோர் எண்ணிக்கையைப் பாடவாரியாக ஏற்கெனவே வெளியிட்டு வருகிறது. வகுப்பறைப் பாடத்தைவிட இணையவழிப் பாடத்தில் இத்தகைய விவரங்களைத் திரட்டுவது எளிது. மாணவர் எந்த நிமிடத்தில் விடியோவை நிறுத்தினார் என்பதுகூடக் கணினியில் பதிவாகிறது. விவரங்கள் இருக்கின்றன. அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற விதிதான் இல்லை. இணையவழிப் பட்டம் வழங்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் பாடவாரியாக இந்த விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று யுஜிசி நிபந்தனை விதிக்கலாம். நாக் அமைப்பும், இணையவழிப் பாடங்களுக்கெனத் தனி அளவுகோலை வகுத்து, வளாகத்தின் மதிப்பெண்ணிலிருந்து அதைப் பிரித்துத் தரலாம்.

எடுசாட் திட்டத்தின் குறை தணிக்கை அறிக்கையாக வெளிவருவதற்குள் செயற்கைக்கோளே ஓய்வு பெற்றுவிட்டது. இணையவழிப் படிப்பில் அந்தத் தாமதத்துக்கு இடமில்லை. இம்முறை பாதிக்கப்படப்போவது கருவி அல்ல. மாணவர் கையில் இருக்கும் பட்டம். 40 சதவீதத்தைத் தாண்டி வரம்பை உயர்த்தும் யோசனை எழுமானால், அதற்கு முன்பு முதல் 40 சதவீதத்தின் கணக்கை அரசு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.